கால்வாய்க்குப் பெயர் தந்த பிரபு

சென்னை மாநகரில் பெயர் இல்லாத சாலையும் இல்லை, பாலமும் இல்லை. ஆனால் அந்தப் பெயருக்கு உரியவர் யார், அவர் என்ன செய்தார் என்று அறிந்து நடப்பவர் மிகச் சிலரே. எங்கள் பத்தாம் வகுப்பு மாணவியரில் பாதிப்பேர் மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு பகுதிகளிலிருந்து வருகிறவர்கள். மற்றவர்கள் தியாகராய நகரிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள். இரு சாராரும் ஏதாவதொரு நாளில் பக்கிங்காம் கால்வாயைக் கடந்தே ஆக வேண்டும். கடக்கும்போது என்ன செய்வோம்? கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொள்வோம். பாலம் தாண்டியதும் கைக்குட்டை பைக்குள் போய்விடும்; கால்வாயும் நினைவிலிருந்து போய்விடும்.

இவ்வாண்டு மலருக்குப் பெரியோர் ஒருவரின் வாழ்க்கை வரலாறு எழுத வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லப்பட்டது. யாரைப் பற்றி எழுதலாம் என்று நாங்கள் ஐவர் மரத்தடியில் கூடி யோசித்தோம். எல்லாரும் எழுதுகிறவர்களைப் பற்றி எழுதாமல், தினமும் நாம் வாயால் உச்சரித்தும் நமக்குத் தெரியாத ஒருவரைப் பற்றி எழுதலாமே என்று ஒருத்திக்குத் தோன்றியது. அப்படித்தான் பக்கிங்காம் பிரபு எங்களிடம் வந்து சேர்ந்தார்.

வந்து சேர்ந்தவர் எளிதில் எங்களை விடவில்லை. பாதி எழுதிய பிறகு எங்களுக்குள் ஒரு சண்டையே மூண்டது. அதைப் பின்னால் சொல்கிறோம். முதலில் அவர் கதையைக் கேளுங்கள்.

பிறப்பும் பெருங்கடனும்

அவருடைய முழுப்பெயரை வருகைப் பதிவேட்டில் எழுதினால் ஒரு வரி போதாது. ரிச்சர்ட் பிளான்டாஜெனெட் கேம்பல் டெம்பிள் நியூஜென்ட் பிரிட்ஜஸ் சாண்டோஸ் கிரென்வில் என்பது அந்தப் பெயர். 1823-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் நாள் பிறந்தார். இங்கிலாந்தின் மிகப் பெரிய செல்வக் குடும்பங்களில் ஒன்று அவர்களுடையது. ஸ்டோ என்னும் இடத்தில் அவர்களுக்கு ஓர் அரண்மனையும், அதைச் சுற்றிப் பல நாட்டவரும் வந்து கண்டு வியந்த பூந்தோட்டமும் இருந்தன. ஈட்டன் பள்ளியிலும் ஆக்ஸ்போர்டிலும் கல்வி கற்றார்.

இப்படித் தொடங்கும் வரலாறுகள் பெரும்பாலும் சுகமாகவே நடக்கும். இவருடையது அப்படி நடக்கவில்லை. தந்தையார் இரண்டாம் பிரபு, வரவறியாமல் செலவு செய்தவர். 1845-இல் விக்டோரியா மகாராணி ஸ்டோ மாளிகைக்கு விருந்தாளியாக வந்தபோது, கடனை மறைத்துக்கொண்டு பணத்தை நீராக இறைத்தார். மூன்றே ஆண்டுகளில் கடன் பத்து லட்சம் பவுனையும் தாண்டிவிட்டது வெளிப்பட்டது. 1848-இல் மாளிகையிலிருந்த ஓவியம், சிலை, வெள்ளிப் பாத்திரம், நாற்காலி, மேசை எல்லாம் ஏலத்துக்கு வந்தன. அந்த ஏலம் 40 நாட்கள் நடந்தது என்றால் எவ்வளவு பொருள் இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்!

அப்போது மகனுக்கு வயது 25 கூட நிறையவில்லை. அவ்வயதில் அவர் குடும்பப் பொறுப்பைத் தலைமேல் ஏற்றுக்கொண்டார். பரம்பரை நிலங்கள் பல கைவிட்டுப் போயின. பிரபு குடும்பத்துப் பிள்ளைகள் உழைத்துச் சம்பாதிப்பது அக்காலத்தில் வழக்கமில்லை. இவரோ 1853-ஆம் ஆண்டு லண்டன் வடமேற்கு ரயில்வேயின் தலைவர் பதவியை ஏற்று, 1861 வரை அதில் பணியாற்றினார். அந்நாளில் அது இங்கிலாந்தின் மாபெரும் ரயில்வே நிறுவனங்களில் ஒன்று. தண்டவாளம், சரக்கு, கட்டணம், கணக்கு என்று அலுவலகத்தில் அமர்ந்து வேலை பார்த்த பிரபு இவர். பிற்காலத்தில் 1871-இல் தம் பண்ணை ஊர்களின் விளைபொருள் ரயில் நிலையத்துக்குப் போய்ச் சேருவதற்காகச் சொந்தமாகவே ஒரு சிறு டிராம் பாதையும் அமைத்தார். பொருள் ஓரிடத்தில் குவிந்து கிடந்தால் போதாது, வேண்டுவோர் கைக்குப் போய்ச் சேர வழி வேண்டும் என்பதை அவர் அனுபவத்தால் அறிந்திருந்தார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

1861-இல் தந்தையார் மறைந்ததும் மூன்றாம் பிரபு ஆனார். 1867 முதல் 1868 வரை குடியேற்ற நாடுகளின் அமைச்சராக இருந்தார். கனடா என்னும் நாடு 1867 ஜூலை மாதம் உருவானபோது அந்தப் பொறுப்பில் இருந்தவர் இவரே.

1851-இல் கரோலின் ஹார்வி அம்மையாரை மணந்திருந்தார். மகன் இல்லை, மூன்று பெண்கள். 1874-இல் அம்மையார் காலமானார். மறு ஆண்டே சென்னை மாகாணத்தின் கவர்னர் பதவி வந்தது. மனைவியை இழந்த பிரபு, தாயை இழந்த மூன்று பெண்களையும் அழைத்துக்கொண்டு கப்பலேறினார்.

துறைமுகம் இல்லாத துறைமுகப் பட்டினம்

1875 நவம்பர் 23-ஆம் நாள் அவர் பதவியேற்றார். அன்றைய சென்னை விந்தையானதொரு பட்டினம். கடல் வாணிகத்தால் வளர்ந்த ஊர். ஆனால் கப்பல் ஒதுங்கத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். ஆட்களையும் மூட்டைகளையும் மசூலாப் படகுகளில் ஏற்றி, அலைமேல் அலை தாண்டிக் கரை சேர்ப்பார்கள். ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த படகுகள் அவை. ஆணி அடித்த படகாக இருந்தால் அலை மோதி உடைந்துவிடும். தைத்த படகோ வளைந்து கொடுக்கும். இவர் வந்த அடுத்த மாதமே, 1875 டிசம்பரில், வேல்ஸ் இளவரசர் சென்னைக்கு வந்து செயற்கைத் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். வேலை நடந்து முடியும் தறுவாயில் 1881 நவம்பரில் அடித்த புயல் அதைச் சிதைத்துவிட்டது. பிறகு மறுபடி கட்டினார்கள்.

கடல் இப்படி முரண்டு பிடித்தாலும், கடலோரத்திலேயே அமைதியான வேறொரு நீர்வழி இருந்தது. மணல்மேட்டுக்கு உட்புறமாக வடக்கே பழவேற்காடு ஏரியும் தெற்கே முட்டுக்காடு, கோவளம் உப்பங்கழிகளும் கரையோடு கரையாகக் கிடக்கின்றன. இவற்றைக் கால்வாயால் இணைத்துவிட்டால், அலைக்கு அஞ்சாமல் ஊர் ஊராகப் படகில் போகலாம் அன்றோ? பாசில் காக்ரேன் என்ற வணிகர் முதலில் இதைச் செய்தார். 1806-இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை 11 மைல் நீளத்துக்குக் கால்வாய் ஓடியது. காக்ரேன் கால்வாய் என்றே அதற்குப் பெயர். 1837-இல் அரசு அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, வடக்கும் தெற்குமாகச் சிறிது சிறிதாக நீட்டிக்கொண்டு வந்தது.

ஆனாலும் ஒரு குறை. வடபகுதிக் கால்வாய் கூவம் ஆற்றோடு நின்றது. தென்பகுதிக் கால்வாய் அடையாற்றிலிருந்து தொடங்கியது. நடுவே திருவல்லிக்கேணியும் மயிலாப்பூரும் இருந்த சுமார் 8 கிலோமீட்டருக்குத் தண்ணீர்வழி இல்லை. மாலையில் நடுமணி உதிர்ந்து போனால் எப்படி இருக்கும், அப்படி.

தாது வருஷப் பஞ்சம்

1876-ஆம் ஆண்டு பருவமழை பொய்த்தது. ஆடிப்பட்டமும் போயிற்று, ஐப்பசி மழையும் வரவில்லை. அது தாது வருஷம். நம் வீடுகளில் மிக வயதானவர்கள் இன்றும் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அவர்கள் தம் பாட்டியிடம் கேட்டது. அந்தப் பாட்டி தம் தாயிடம் கேட்டது. சென்னை மாகாணம், மைசூர், ஐதராபாத், பம்பாய்ப் பகுதி எங்கும் பஞ்சம் பரவி 1878 வரை நீடித்தது. மாண்டோர் ஐம்பது லட்சத்துக்கும் மேல் என்று வரலாற்று ஆசிரியர்கள் கணக்கிடுகின்றனர். ஊரை விட்டு இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குப் போனோர் பலர். சென்னைப் பட்டினத்தை நோக்கி நடந்து, வழியிலேயே விழுந்தோர் பலர்.

கவர்னர் என்ன செய்தார்? இங்கேதான் எங்களுக்குள் சண்டை தொடங்கியது.

அவருக்குச் சாதகமான செய்தியை முதலில் சொல்கிறோம். பஞ்சத்தின் தொடக்கத்திலேயே சென்னை அரசு 30,000 டன் தானியத்தை இரகசியமாக வாங்கியது. இரகசியம் எதற்காக என்றால், அரசு வாங்குகிறது எனத் தெரிந்தால் வியாபாரிகள் விலையை ஏற்றிவிடுவார்கள் என்ற அச்சம். ஆனால் கல்கத்தாவிலிருந்த இந்திய அரசுக்கும் வைசிராய் லிட்டன் பிரபுவுக்கும் இது பிடிக்கவில்லை. தானிய வியாபாரத்தில் அரசு தலையிடக் கூடாது, சந்தை தானே எல்லாவற்றையும் சரிசெய்யும் என்பது அவர்கள் கொள்கை. அதே ஆண்டுகளில் இந்தியாவிலிருந்து தானியம் கப்பலேறி வெளிநாட்டுக்குப் போய்க்கொண்டும் இருந்தது.

பாதகமான செய்தியும் உண்டு. 1877 ஜனவரி முதல் நாள் விக்டோரியாவை இந்தியாவின் சக்கரவர்த்தினி என்று அறிவிக்க டில்லியில் பெரிய தர்பார் நடந்தது. மாகாணத்தில் மக்கள் பட்டினியால் வாடிக்கொண்டிருக்க, கவர்னர் அங்கே போயிருந்தார். உதகமண்டலத்தில் கவர்னருக்கான மாளிகை எழுந்ததும் இவர் ஆட்சிக் காலத்தில்தான். அதன் முகப்பு, இவர் பிறந்து வளர்ந்த ஸ்டோ மாளிகையை நினைவூட்டும் என்று சொல்வார்கள்.

டில்லியிலிருந்து சர் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி பஞ்ச நிலைமையை மேற்பார்வை செய்ய அனுப்பப்பட்டார். இவருக்கும் நம் பிரபுவுக்கும் பெயரில் ஒற்றுமை உண்டே தவிர, இவர் வேறு, அவர் வேறு. நிவாரண வேலையில் செலவைக் குறைப்பதே டெம்பிளுக்கு இட்ட பணி. அவர் வகுத்த கூலி என்ன தெரியுமா? நாள் முழுதும் மண் சுமக்கும் ஓர் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது சுமார் 450 கிராம், அத்துடன் சிறு காசு. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அதைவிடக் குறைவு. சென்னை மாகாணத்தின் சுகாதார அதிகாரியான டாக்டர் கார்னிஷ் இதைக் கடுமையாக எதிர்த்தார். உழைக்கும் உடலுக்கு இது போதாது, ஒன்றரைப் பவுண்டாவது வேண்டும், வெறும் தானியத்தால் மட்டும் உயிர் தங்காது என்று புள்ளிவிவரங்களோடு வாதாடினார். பிறகு கூலி உயர்த்தப்பட்டது. அதற்குள் எத்தனை உயிர்கள் போயினவோ!

1877 ஆகஸ்டில் சென்னையில் ஒரு பொதுக்கூட்டம் நடந்தது. கவர்னரே தலைமை தாங்கினார். அங்கிருந்து லண்டன் மேயருக்கும் பிரிட்டனின் மற்ற நகரங்களுக்கும் உதவி கேட்டு வேண்டுகோள் பறந்தது. அரசின் கஜானா முகம் திருப்பிக்கொண்ட நேரத்தில், முன்பின் அறியாத மக்கள் தம் சேமிப்பிலிருந்து அனுப்பியது ஐந்து லட்சம் பவுனுக்கும் மேல். உழவருக்கு விதைநெல்லும் மாடும் வாங்கவும், கூரை வேயவும், அனாதைக் குழந்தைகளைக் காக்கவும் அப்பணம் பயன்பட்டது. நம்மவரும் சும்மா இருக்கவில்லை. மாயூரத்தில் முன்சீபாக இருந்தவரும், தமிழின் முதல் நாவலாகிய பிரதாப முதலியார் சரித்திரத்தை எழுதியவரும், பெண் கல்விக்காக அன்றே குரல் கொடுத்தவருமான வேதநாயகம் பிள்ளை, தம் பொருளையெல்லாம் பசித்தவர்களுக்கு வாரி வழங்கினார்.

மண் சுமந்தவர்கள்

நிவாரண வேலையாக எதைத் தருவது என்ற கேள்வி எழுந்தபோது, கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையே விடுபட்டிருந்த அந்தக் கால்வாய் நினைவுக்கு வந்தது. 1877-78-இல் சேப்பாக்கத்தின் பின்புறம் தொடங்கி, திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், மந்தைவெளி வழியாக அடையாறு வரை தோண்டினார்கள். மற்றப் பகுதிகளிலும் தூர் எடுத்து ஆழப்படுத்தினார்கள். பொருளை மக்களிடம் சேர்க்க வழி வேண்டும் என்று ரயில்வே அலுவலகத்தில் கற்றவருக்கு இந்த வேலையின் அருமை தெரிந்திருக்கும் என்று நாங்கள் எண்ணுகிறோம். பஞ்சத்தில் வங்காளத்திலிருந்தும் பர்மாவிலிருந்தும் வந்த அரிசி மூட்டைகள் சென்னைக் கடற்கரையில் மலைபோல் குவிந்து கிடந்தன. அவற்றை உள்ளூர்களுக்குக் கொண்டுபோக ரயில் வண்டிகள் போதவில்லை. கண்ணெதிரே சோறு, கைக்கு எட்டாத சோறு!

ஆனால் அந்த எட்டுக் கிலோமீட்டரைத் தோண்டியவர் கவர்னர் அல்லர். எலும்பும் தோலுமாய் வந்த உழவர்களும், அவர்கள் மனைவியரும், எங்கள் வயதுப் பெண்களும், எங்கள் தம்பி தங்கையர் வயதுச் சிறுவர்களும் மண்வெட்டியும் கூடையுமாய் நின்று தோண்டினார்கள். 1878-இல் கால்வாய் முழுவதற்கும் பக்கிங்காம் கால்வாய் என்று பெயர் சூட்டப்பட்டது.

இந்த இடம் வந்ததும் எங்கள் தோழி ஒருத்தி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். தோண்டியது ஒருவர், பெயர் வேறொருவருடையதா? இவருடைய வரலாற்றை நாம் எதற்கு எழுத வேண்டும் என்று கேட்டாள். மற்றொருத்தி, தம் மேலதிகாரிகளின் கட்டளைக்கும் பசித்தவர் கண்ணீருக்கும் நடுவே அகப்பட்டவர் அவர், தானியம் வாங்கியதையும் வேண்டுகோள் விடுத்ததையும் மறக்கலாமா என்று கேட்டாள். இருவரும் இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை. எங்கள் கட்டுரையும் அந்த இரண்டு நாள் நகரவில்லை.

படகில் ஒரு பயணம்

மூன்றாம் நாள் எங்களை நகர்த்தியவர் மயிலாப்பூரில் இருக்கும் ஒரு பாட்டி. தோழி ஒருத்தியின் அம்மாவைப் பெற்றவர். சிறுமியாயிருந்தபோது கால்வாயில் படகேறிப் போனவர். நாங்கள் போய் அவரைச் சுற்றி உட்கார்ந்துகொண்டோம்.

அவர் சிறுமியாயிருந்த 1950-களில் மயிலாப்பூர்க் கால்வாயில் படகு வராத நாளில்லையாம். தெற்கேயிருந்து சவுக்குக் கட்டையும், உப்பும், சுண்ணாம்புக்கான கிளிஞ்சலும் வரும். கரையோரமெல்லாம் விறகுத் தொட்டிகள். கேஸ் அடுப்பு இல்லாத காலமாதலால், மயிலாப்பூர் அடுப்பு எரிய வேண்டுமானால் படகு வந்தாக வேண்டும். காற்று இருந்தால் பாய் விரிப்பார்கள். காற்று இல்லையேல் நீண்ட கழியை ஊன்றித் தள்ளுவார்கள். அதுவும் முடியாவிட்டால் ஒருவர் கரையில் இறங்கி, தோளில் கயிற்றை மாட்டிக்கொண்டு படகை இழுத்தபடி நடப்பார். கடலின் ஏற்றவற்றம் கழிமுகங்கள் வழியாகக் கால்வாய்க்குள்ளும் வருமாதலால், ஏற்றத்துக்குக் காத்திருந்து புறப்படுவதும் உண்டாம்.

பாட்டியின் தாத்தாவுக்குக் கோவளத்துப் பக்கம் ஊர். விறகு இறக்கிவிட்டுத் திரும்பும் படகில் அவரோடு பாட்டியும் ஏறிக்கொள்வாராம். அடையாற்றைக் கடந்ததும் பட்டினத்துச் சத்தம் அடங்கிவிடும். இரு கரையிலும் தாழை, பனை, சவுக்குத் தோப்பு. இரவானால் படகில் ஓர் அரிக்கேன் விளக்கு. கட்டுச்சோற்று மூட்டையில் புளியோதரை. கிழக்கே கடல் இரையும், கண்ணுக்குத் தெரியாது. விடியும்போது முட்டுக்காட்டுக் கழி வெள்ளித் தாம்பாளம்போல விரிந்து கிடக்கும். படகு ஒதுங்கும் கரையில் கோவளத்து உறவினர்கள் பெயர் சொல்லிக் கூவி அழைத்துக்கொண்டு நிற்பார்களாம்.

பாட்டி சொன்னதைப் புத்தகங்களும் உறுதி செய்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அதன் பின்னும் மாமல்லபுரத்துச் சிற்பங்களைக் காணச் சென்றோருக்கு இந்தக் கால்வாயே இராஜபாட்டை. மாலையில் படகேறித் தூங்கி, காலையில் பல்லவர் துறைமுகத்தின் அருகே கண் விழிப்பார்கள். இன்னும் தெற்கே போனால் டச்சுக்காரர் கோட்டை கட்டிய சதுரங்கப்பட்டினம்; கடைசியில் உப்பு விளையும் மரக்காணம். வடக்கே போனால் எண்ணூர், பழவேற்காடு, அப்பால் ஆந்திரத்தில் பெத்த கஞ்சாம் வரை. மொத்தம் சுமார் 420 கிலோமீட்டர். அங்கிருந்து கிருஷ்ணா, கோதாவரிக் கால்வாய்கள் வழியே காக்கிநாடா வரையிலும் நீர்வழி தொடர்ந்தது.

பாட்டி பேசி முடிக்கையில், பேசாதிருந்த எங்கள் இரு தோழியரும் அருகருகே உட்கார்ந்திருந்ததைக் கண்டோம். பசித்தவர்கள் தோண்டிய வழியில் பிற்பாடு எத்தனை வீடுகளுக்கு அடுப்பெரிந்தது என்று அவர்களும் எண்ணியிருக்க வேண்டும்.

பிற்காலம்

1880 டிசம்பரில் பிரபு சென்னையை விட்டுச் சென்றார். 1885-இல் மறுமணம் செய்துகொண்டார். 1886 முதல் பிரபுக்கள் சபையின் குழுக்களுக்குத் தலைவராக இருந்தார். 1889 மார்ச் 26-ஆம் நாள் தமது 65-ஆம் வயதில் இயற்கை எய்தினார். மகன் இல்லாததால் பக்கிங்காம் பிரபு என்ற பட்டமும் அவரோடு முடிந்தது. பெண் வாரிசுக்குச் செல்லக்கூடிய கின்லாஸ் என்ற வேறொரு பட்டம் மட்டும் மூத்த மகள் மேரிக்குப் போயிற்று. கடனால் காலியான ஸ்டோ மாளிகை 1923 முதல் ஒரு பள்ளிக்கூடமாக நடந்து வருகிறது. அவ்வளவு ஆடம்பரத்துக்கும் இதைவிட நல்ல முடிவு வேறென்ன வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியது!

தாது வருஷத்தின் துயரம் வீணாகவில்லை. 1880-இல் பஞ்ச விசாரணைக் கமிஷன் அறிக்கை தந்தது. அதன்பின் 1883-இல் பஞ்ச நிவாரண விதிகள் வகுக்கப்பட்டன. பஞ்சம் வந்தால் உயிர்களைக் காப்பது அரசின் கடமை என்பது எழுத்தில் ஏறியது. அதன் பிறகும் பஞ்சங்கள் வந்தன, மக்கள் மாண்டனர் என்பதையும் மறைக்க முடியாது.

கால்வாய் என்ன ஆயிற்று? ரயிலும் லாரியும் சரக்கைப் பறித்துக்கொண்டன. 1965, 1966-ஆம் ஆண்டுகளின் புயல்கள் கரைகளைச் சிதைத்தன. பட்டினத்துச் சாக்கடை அதில் விழுந்தது. படகுகள் நின்றன. பிறகு கால்வாயின் மேலேயே தூண் நிறுத்திப் பறக்கும் ரயில் கட்டினார்கள். 1995-இல் சேப்பாக்கம் வரையும், 1997-இல் திருமயிலை வரையும், 2007-இல் வேளச்சேரி வரையும் அது ஓடியது. 2004 டிசம்பர் 26-இல் சுனாமி வந்தபோது, கைவிடப்பட்ட இந்தக் கால்வாய் பல இடங்களில் கடல்நீரைத் தன்னுள் வாங்கிக்கொண்டு, உட்புறத்து ஊர்களுக்குப் பாதிப்பைக் குறைத்தது. 2008-இல் இது நான்காம் தேசிய நீர்வழியின் பகுதியாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் மயிலாப்பூருக்குப் படகு திரும்பி வரவில்லை. முட்டுக்காட்டுப் படகுத் துறைக்குப் போனால்தான் அந்தப் பழைய இன்பத்தில் ஒரு துளியாவது கிட்டும்.

முடிவாக

எங்கள் சண்டை எப்படித் தீர்ந்தது என்று கேட்பீர்கள். பிரபுவை மகான் என்று நாங்கள் எழுதவில்லை. கொடியவர் என்றும் எழுதவில்லை. இளமையில் தந்தையின் கடனைச் சுமந்த பொறுப்புள்ள மனிதர்; பெரிய பதவியில் இருந்தபோது, செய்யக்கூடியதில் சிலவற்றைச் செய்தார், சிலவற்றைச் செய்யாமல் விட்டார், சிலவற்றைக் காலந்தாழ்த்திச் செய்தார். பதவியில் இருப்போர் ஒரு மாதம் தாமதித்தால் பசித்தவனுக்கு அது ஓர் ஆயுள் என்பதை அவர் வரலாற்றிலிருந்து நாங்கள் கற்றோம். கால்வாய்க்கு அவர் பெயர் இருந்துவிட்டுப் போகட்டும். மண் சுமந்தவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை; அதை நினைவில் வைக்கும் வேலை நம்முடையது.

அன்புத் தோழியரே, அடுத்த முறை பறக்கும் ரயிலில் திருமயிலையிலிருந்து மந்தைவெளிக்குப் போகும்போது ஒரு கணம் கீழே பாருங்கள். அந்தக் கறுத்த நீரின் அடியில், அரை வயிற்றுக் கஞ்சியோடு ஒரு பெண் வெட்டிய மண் இருக்கிறது. அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் பையைக் கூட எறியாமல் இருப்பது நாம் அவளுக்குச் செய்யும் மிகச் சிறிய மரியாதை. நாங்கள் ஐவரும் இப்போது அந்தப் பாலத்தைக் கடக்கும்போது கைக்குட்டையை எடுப்பதில்லை. நாற்றம் இருக்கத்தான் செய்கிறது. ஆயினும் எடுப்பதில்லை.